தேய்மானம்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற பஸ்ஸில்
தலையம்மன் கரடு என்று கேட்டால்
கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும் முன்
நம் காலைப் பார்ப்பார்.
நானூற்றுச் சொச்சம் படி.
அதற்கு மேல் படியும் கிடையாது.

அடிவாரத்துப் புளியமரத்தடியில்
ஆடி வெள்ளிக் கூட்டம் கழற்றிப் போட்ட செருப்புகள்.
பதினோரு வருஷமாக மேல்தோல் தைக்கிறவள் நான்,
செருப்பைப் பார்த்தால் போதும், ஆளைப் பார்க்க வேண்டாம்.
இது சைக்கிள் மிதிக்கிறவருடையது, நடுவில் பள்ளம்.
இது புதுப்பெண், விலைச்சீட்டின் பசை இன்னும் போகவில்லை.
இது எங்கள் கம்பெனி கழித்துக்கட்டிய ஜோடி,
இடது வாரில் தையல் ஒரு கண் தாண்டியிருக்கிறது.
குனிந்து குனிந்து புரட்டினேன்.
தேங்காய் விற்கிறவள் சத்தம் போட்டாள்:
"இன்னாமே தேடற? உன்னுது உன் கால்ல கீது."

தேடியது எட்டாம் நம்பர்.
வலது கால், உள்பக்கம் தேய்ந்தது.
காட்பாடியில் டீ வாங்கி வருகிறேன் என்று இறங்கின
என் வீட்டுக்காரர் தணிகாசலத்தின் நடை.
ரெண்டு வருஷம், நாலு மாசம்.

பக்கத்து மிஷின் ஷமீமா அக்கா
முட்டிக்கட்டு ஒன்று கொடுத்தனுப்பியிருந்தாள்.
"உங்க அம்மா மேல உக்காந்துக்கினு கீறாங்க,
முட்டி நம்மளுது."
முந்நூறாவது படியில் அவளை வாழ்த்தினேன்.
படி தீர்ந்த இடத்தில் கம்பி வடம்,
கை வைத்தால் பாறை சுட்டது.

குகைக்குள் நிமிர முடியாது.
வவ்வால் வாடை, கற்பூரக் கரி, பாசி.
முழங்காலில் நகர்ந்தேன்.
அம்மனுக்குக் கழுத்துக்குக் கீழே மலை.
வைகாசியில் குடியாத்தத்துச் சிரசு
தோள் மேல் ஏறித் தெருவெல்லாம் போகும்.
இவளைத் தூக்க யாரும் வந்ததில்லை.
மஞ்சள் அப்பின முகம், வெள்ளிக் கண்,
மூக்குத்தி ஓரம் ஒரு கட்டெறும்பு.
காணாத ஊர்க் கால்களுக்கெல்லாம்
முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று
பெட்டி பெட்டியாகத் தைத்து அனுப்புகிறேன்.
இவளுக்கு அளவெடுக்கக் கால் இல்லை.
அதனால்தான் நாங்கள் ஏறுகிறோம் போல.

மேல்பாறை சொட்டும்.
வேண்டும்போது உச்சியில் விழுந்தால் சம்மதம்,
இது ஊர்ப்பேச்சு.
கேட்க வேண்டியதை பஸ்ஸிலேயே
மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.
வாயைத் திறப்பதற்குள்
வகிட்டில் விழுந்துவிட்டது, ஜில்லென்று.

"ஆச்சும்மா, நகரு, பின்னாடி ஆள் கீது"
என்றார் பூசாரி.
எதற்கு ஆச்சு?
நகரவில்லை.
போலீசுக்குச் சொல்லாததை,
மாமியாருக்குச் சொல்லாததை,
எறும்பைப் பார்த்தபடி சொன்னேன்:
"வண்டி கிளம்பும்போது அவர் ஓடி வரலைம்மா.
டீயை ஊதி ஊதிக் குடிச்சிக்கினு நின்னார்.
ஜன்னல்ல இருந்து பார்த்தேன்.
நானும் கூப்பிடலை."

வெள்ளிக் கண் இமைக்காது.
பின்னால் எவர் குழந்தையோ வீறிட்டது.
எறும்பு மூக்கைத் தாண்டிப் போனது.

இறக்கத்தில் முட்டிக்கட்டு நழுவி
கணுக்காலில் கிடந்தது, கொலுசு போல.
கீழே என் ஜோடி கவிழ்ந்திருந்தது,
யாரோ மிதித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.
அடிப்பக்கம் பார்த்தேன்.
என்னுடையதை ஒரு நாளும் புரட்டிப் பார்த்ததில்லை.
வலது கட்டைவிரல் கிட்டே காசளவு ஓட்டை,
பெடல் தின்ற இடம்.
இடது, நேற்று வாங்கியது மாதிரி.

"கெடச்சுதா?" என்றாள் தேங்காய்க்காரி.
"ம்" என்றேன்.
ஒரு மூடித் தேங்காயை வாங்கிக் கடித்தேன்,
காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

ஐந்து பத்துக்கு பஸ்.
இன்ஜின் பக்கம்தான் நிற்க இடம் கிடைத்தது.
ஓட்டை வழியாகத் தகரம்
ஆம்பூர் வரைக்கும் சுட்டது.