மகஜர்

மசினகுடி சரகம், காலை ஒன்பது மணி.
கடமான் இறைச்சி நாலு கிலோ முந்நூறு.
கத்தி ஒன்று, பிடி கழன்றது.

"நான் கொல்லலைங்க. செந்நாய் அடிச்சது.
அதுங்களுக்கு ஒரு தொடை
வெச்சிட்டுத்தான் எடுத்தேன்"
என்கிறான் கேத்தன்.

படிவத்தில் செந்நாய்க்கு இடமில்லை.
வேட்டை என்று எழுதினேன்.

ஆபீசுக்குப் பின்னால்
மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கச் சொன்னார் ரேஞ்சர்.
கொழுப்பு உருகும் வாசம்
சன்னல் வழியே வந்தது.
எச்சில் விழுங்கினேன்.
கேத்தன் பார்த்துவிட்டான்.

மதியம் கூடலூரிலிருந்து பிரியாணி.
பாவமென்று அவனுக்கும் ஒரு பொட்டலம்.
பாதி தின்றவன்
மீதியை இலையோடு மடித்துத் தள்ளி வைத்தான்.

"யாருக்குடா?"

"இந்தக் கோழியை அடிச்சவங்க பங்குங்க.
அவங்க எங்க இருக்காங்க?"

நான் சோற்றைக் கிளறி
லெக் பீஸ் தேடிக்கொண்டிருந்தேன்.