மைனஸ் எண்பது

நான்கு மணிக்கு பங்சார் பக்கம் வானம் கறுத்தது.
நான்கரைக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு அடங்கிக்கொண்டது.
மூன்றாம் மாடியில் பழைய உறைபெட்டி மட்டும்
திருடன் தொட்ட கார் மாதிரி
கூவிக்கொண்டே இருந்தது.

செங் யீ மலாக்காவில், தங்கை கல்யாணம்.
டாக்டர் நோர்ஹயாத்தி ஃபெடரல் நெடுஞ்சாலையில்,
முட்டளவு வெள்ளத்தில், கைப்பேசியில்:
"லோகேஸ், அடிக்கடி திறக்காதே.
ஒரே தடவை. எல்லாம் கீழ்மாடிக்கு."

ஒரே தடவை. பதினான்கு அடுக்கு.
ஒரு தள்ளுவண்டி, உலர்பனி, கைக்கு இரண்டு உறை.
காவலர் தாபா டார்ச் பிடித்தார்.
உள்ளே என்ன என்று மலாயில் கேட்டார்.
நோய் என்றேன்.
ஓரடி பின்னால் போய்
டார்ச்சை மட்டும் முன்னால் நீட்டினார்.

பத்தாங் காலி பப்பாளி இலை:
ஈரக் குவளையை வைத்து எடுத்த மேசை போல
பழத்தோலில் வளையம் வளையமாய்
நோய் வந்து உட்கார்ந்து போன தோட்டம்.
சுருண்ட மிளகாய்க் கொழுந்து.
அதற்குக் கீழே வௌவால்.
ரம்புத்தான் மரத்தடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து
விடியுமுன் நாங்கள் உறிஞ்சியெடுத்த மூத்திரத் துளிகள்.
என் தொப்பியிலும் இரண்டு விழுந்தன.
தொப்பியை எரித்துவிட்டார்கள்,
இருபது ரிங்கிட் தொப்பி.
பன்றி. கோழி. ஒரு புனுகுப்பூனை.
பிறகு, அதே அடுக்கில்,
ஆண், 41. பெண், 19. பெண், 6.
பெயர்கள் வேறொரு கட்டடத்தில் பூட்டியிருக்கின்றன.

உயர்திணை, அஃறிணை என்று
செந்தூல் பள்ளியில் நடுவே கோடு கிழித்து எழுதினேன்.
எழுவாய் மாறினால்
பயனிலையின் விகுதி மாறவேண்டும்.
காய்ச்சலுக்கு விகுதி கிடையாது.
மிளகாயின் நோய் மிளகாயோடு நிற்கும், சரி.
வௌவாலுடையது பன்றிக்கு வரும்,
பன்றியுடையது
பன்றியைக் கழுவுகிறவனுக்கு.

அது உயிரா, இல்லையா என்று
சந்திக்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.
போன மாதம் பல்வைத்தியர்,
என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே கேட்டார்.
க் என்றேன்.
அதற்குமேல் வரவில்லை.
வீட்டுக்கு வரும் வழியில், ரயிலில்,
சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று பட்டது.
தலையில் புள்ளி. தானாய் நகர முடியாத ஒற்று.
ஓர் உயிர் வந்து சேரும்வரை
தொண்டையில் அடைத்த வெறும் அடைப்பு.
சேர்ந்துவிட்டால் கா, கீ, கூ,
நோட்டுப்புத்தகம் பற்றாது.

கடைசி அடுக்கைத் தூக்கும்போது
எதிலும் சேராத குழாய் ஒன்று தரையில் உருண்டது.
தாபா துள்ளி ஒதுங்கினார்.
பனியைக் கட்டைவிரலால் துடைத்தேன்.
பெண், 24. ஒப்பீடு. நலம்.
கையெழுத்து என்னுடையது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்.
ஆரோக்கியமானவர்களில் ஓர் ஆள் குறைந்தது.
சட்டைக் கையை நானே மடித்துவிட்டேன்.
கூலியாக ஒரு மைலோ, ஒரு பிஸ்கட்.

இவளை இன்னும் டெங்கி கடிக்கவில்லை.
ஊரே கதவடைத்த ஆண்டின் இருமல்
இவளுக்குத் தெரியாது.
பதினொரு வாரம் மட்டும் தங்கிப் போனதையும்
இந்த ரத்தம் கேள்விப்படவில்லை.
எல்லா நோயையும் இவளோடு ஒப்பிட்டுத்தான்
நோய் என்று எழுதியிருக்கிறோம்,
பத்து வருடமாய்.

கையுறை நுனி நனைந்தது.
உருகிக்கொண்டிருக்கிறாள்.
பன்றிக்கும் புனுகுப்பூனைக்கும் நடுவே
உலர்பனியில் அழுத்தி வைத்தேன்.

கீழ்மாடியில் வைத்துப் பூட்டிவிட்டு ஏறி வந்தபோது
மின்சாரம் திரும்பியிருந்தது.
பழைய பெட்டி கூவலை விட்டுவிட்டு
தன் காலி வயிற்றைக்
கவனமாகக் குளிர்விக்கத் தொடங்கியிருந்தது.

படிவம் நிரப்பினேன்.
இழப்பு: இல்லை.
மாதிரிகள் வெளியே இருந்த நேரம்:
ஆறு நிமிடம், நாற்பது விநாடி.
தாமதத்துக்குக் காரணம் கேட்டு
கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது.
அதை அப்படியே விட்டேன்.