மஞ்சள் குடை

மறுபடியும் அதையேதான் கேட்கிறார்கள்.
நூற்றுப் பதினேழு பாட்டு எழுதியிருக்கிறேன்.
எனக்குப் பிடித்தது வேறொன்று:
ஹில்குரோவில் எஞ்சின் நின்று தண்ணீர் குடிப்பதைப் பற்றியது.
பதினாறு கேசட் விற்றது.
எட்டு, என் தம்பி வாங்கியது.

குன்னூர் பழக்கண்காட்சி மேடை.
அன்னாசியில் கட்டிய யானைக்குப் பக்கத்தில்
எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
ஜோசுவா கித்தாரை மடியில் சாய்த்து
விரல்களுக்குள் ஊதிக்கொள்கிறான்.
மே மாதத்திலும் இப்போது குளிர்கிறது அவனுக்கு.

'எங்க அப்பா அம்மா கல்யாணத்துல போட்ட காதல் பாட்டு!'
என்கிறான் அறிவிக்கும் பையன்.

காதலா?
அருவங்காடு குவார்ட்டர்ஸ் படிகளில்
சம்பள நாள் தவறாமல் ஏறிவந்த குடை அது,
மழையில்லாத மாலையிலும் விரித்தபடி.
வட்டிக்குக் கொடுக்கும் பொன்னுரங்கம்.
அப்பா கட்டிலுக்கடியில் போனதும்
நாங்கள் மூச்சை அடக்கி உட்கார்ந்ததும்தான் பாட்டு.
ரேஷன் கார்டு உறையின் பின்பக்கம்,
பத்து நிமிஷம்:

வளைவில் மஞ்சள் குடை
வரக் கண்டால் பூட்டும் வீடு.

பூட்டும் என்றுதான் எழுதினேன்.
கம்பெனிக்காரர் காதில் பூக்கும் என்று விழுந்து
அட்டையிலும் அப்படியே அச்சாகிவிட்டது.
அதற்குப் பிறகு
மலையில் ஒரு கல்யாணம் என்னை விட்டதில்லை.
நானும் பூக்கும் என்றே பாடினேன்.
அந்தப் பணத்தில்தான்
பொன்னுரங்கத்தின் கணக்குத் தீர்ந்தது,
அசல் மட்டும் அல்ல, கூட்டு வட்டியும்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு
இன்றைக்குத்தான் ஜோசுவாவிடம் சொன்னேன்,
நாற்பத்தோரு வருஷம் கழித்து.
அவன் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தான்,
ஒன்றரைக் கட்டை கீழே,
என் தொண்டைக்காக.
தலை நிமிரவில்லை.
'மெட்டுப் போட்டப்ப
உங்கிட்டயும் ஒரு மஞ்சக் குடை இருந்துச்சே, ரெஜினா.'

என்னிடமா?
எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரு கறுப்புக் குடை.
அதிலும் இரண்டு கம்பி வெளியே.
யாருடைய குடையை இவ்வளவு நாள்
என் கையில் கொடுத்து வைத்திருந்தான்?
கேட்பதற்குள் முதல் சுரத்தைத் தொட்டுவிட்டான்.

பாடினேன்.
முதல் சரணத்தில் மூச்சு போதவில்லை, சமாளித்தேன்.
அந்த அடி வந்தபோது
எந்தச் சொல்லைச் சொல்வதென்று வாய் திறந்து நின்றேன்.
கூட்டம் எனக்கு முன்னால் பாடிவிட்டது.
ஒரு குழந்தை மட்டும் யானையின் காதிலிருந்து
அன்னாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தது.