சிவப்பைத் தொலைத்த இரவு

ஷார்ஜாவில், அபு ஷகாராவில்,
எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மணல் திடல்.
பகலில் எழுபது கார்கள் நிற்கும்.
இரவில் மூக்கோடு மூக்கு உரச இன்னும் முப்பது.

வாப்பா கணக்கு நோட்டைக் காரிலேயே விட்டுவிட்டார்.
"மூணாவது வரிசை, ருமானா. நம்ம சிவப்பு சன்னி.
கண்ணை மூடிக்கிட்டே எடுத்துட்டு வந்துடலாம்."

கண்ணைத் திறந்துகொண்டுதான் போனேன்.
மூன்றாவது வரிசையில் சிவப்பே இல்லை.
நான்காவதில் இல்லை.
ஐந்தாவதில் ஷவர்மா கடை வேனுக்கு அடியில்
ஒரு பூனை. அதுவும் மஞ்சள்.

திடலுக்கு ஒரே விளக்கு, ரொம்பப் பழசு,
கம்பத்து உச்சியில் முட்டையின் மஞ்சள் கருபோல.
அதன் கீழே வெள்ளைக் கார் மஞ்சள்,
மஞ்சள் கார் மஞ்சள்,
மற்றதெல்லாம் கருப்பட்டி.
குனிந்து பார்த்தேன்.
கழுத்தில் கழற்ற மறந்த ஸ்கூல் பட்டை
காலையில் மிளகாய்ப் பழமாக இருந்தது.
இப்போது அதுவும் கருப்பட்டி.

தெருவில் இருந்த சிவப்பையெல்லாம்
யாராவது வழித்தெடுத்துப் போய்விட்டார்களா?

அப்போது ஒரு தண்ணீர் லாரி திரும்பியது.
அதன் வெள்ளை வெளிச்சம் வரிசைமேல் ஓடி வந்தது.
கருப்பட்டி, நீலம், கருப்பட்டி, பச்சை,
சிவப்பு!
லாரி போனது.
கருப்பட்டி.

அங்கேயே நின்றேன். மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது.

காரின் பெயிண்ட் தானாக எரியும் அடுப்பு இல்லையே.
மேலே வந்து விழும் வெளிச்சத்தில்
நீலத்தைத் தின்னும், பச்சையைத் தின்னும்,
மஞ்சளிலும் மிச்சம் வைக்காது.
சிவப்பை மட்டும் வாயில் வைக்காமல் ஒதுக்கிவிடும்,
தமீம் பாகற்காயைத் தட்டோரம் ஒதுக்குவதுபோல.
அது ஒதுக்கியதுதான் நம் கண்ணுக்கு வருகிறது.
வேண்டாம் என்று சொன்ன நிறத்தையே
அதற்குப் பெயராக வைத்துவிட்டோம், பாவம்.

லாரியின் வெள்ளைக்குள் எல்லா நிறமும் இருக்கிறது.
கம்பத்து விளக்கின் வயிற்றிலோ சோடியம்,
சோற்றுக்குப் போடும் உப்பிலும் இருக்கிறதே, அதேதான்.
அது ஒளிர்ந்தால் மஞ்சள். வேறொன்றும் தெரியாது.
மஞ்சளைத் தின்றுவிட்டுச் சும்மா நிற்கிற காரிடம்
சிவப்பைத் தா என்றால் எங்கே போகும்?
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

நோட்டோடு மேலே போனேன். தமீம் விழுந்து விழுந்து சிரித்தான்.
"சாவியில பட்டன் இருக்குல்ல, லூசு!
அமுக்கினா காரே கத்துமே!"

அமுக்கியிருந்தால் கார் கிடைத்திருக்கும்.
சிவப்பு கிடைத்திருக்காது.
அவனிடம் சொல்லவில்லை.

உம்மா ஃபிரிட்ஜைத் திறந்து மோர் எடுத்தார்.
கீழ்த் தட்டில் மூன்று தக்காளி, சிவந்து, பளபளவென்று.
கதவு மூடிக்கொண்டது. உள்ளே விளக்கும் அணைந்திருக்கும்.

இந்த நிமிஷம் அவை என்ன நிறம்?