மாதிரி

ஜெலுத்தோங் கடலோரப் பட்டறையில்
ஐம்பத்தெட்டாம் வருட மோரிஸ் மைனர்.
முதலில் சாக்லெட் நிறம்,
மேலே திட்டுத் திட்டாய் ஆரஞ்சு.
தண்ணீர் தெளித்துக் கல்லுப்பு தூவினேன்
மீனுக்குப் போடுவதுபோல.
அதன்மேல் பழைய பச்சை.
காய்ந்ததும் உப்பைச் சுரண்ட
பானெட்டெங்கும் தேமல் தேமலாய்த் துரு.

லிம் சியூ ஹோங் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"இன்னும் கொஞ்சம் அழுகணும் லா, நேசன்."
ஆறாயிரம் வெள்ளி. அழுகட்டும்.

கதவுக்கடியில் ரப்பரைப் பிரித்தால்
உள்ளங்கை அகலத்துக்கு நிஜத் துரு.
விரல் வைத்தேன், பிஸ்கோத்தாய் உதிர்ந்தது.
படம் எடுத்து அனுப்பினேன்.
உடனே பதில்:
"ஐயோ, வெட்டி எறி!"

அன்றைக்கு வெட்டவில்லை.
விளக்கை அருகே இழுத்து
அதைப் பார்த்துப் பார்த்து
பானெட்டைத் திருத்தினேன்.
விளிம்பில் கறுப்பைக் கூட்டி
நடுவில் மஞ்சளை அடக்கி.
அதில் எங்குமே
ஆரஞ்சு இல்லை.

மறுநாள் கிரைண்டர்.
புதுத் தகடு பற்றவைத்து, தேய்த்து,
வழவழவென்று ஆன அந்த இடத்தில்
ஞாபகத்திலிருந்து
அதையே வரைந்தேன்.

மேலே மங்கல் லேக்கர், இரண்டு கை.

இரவில் கடல்காற்று உள்ளே வந்து
மோந்து பார்த்துவிட்டு
என் வேன் பக்கம் போகிறது.