அறுபதில் வரும், எழுபதில் போகும்

மூன்றாம் முறையாக வந்து நிற்கிறாள் ஒரிசியா ஹ்னாட்யுக்.
எண்பத்தொன்பதாம் வருஷத்து செவ்ரோலே பிக்கப்பின் சாவியை
என் எண்ணெய்க் கையில் போட்டுவிட்டு
"இன்னும் இருக்கு" என்கிறாள்.

எப்படிப்பட்ட சத்தம்?
லொடலொடவா?
இல்லை.
கிலுகிலு?
அதுவும் இல்லை.
விரல்நகத்தால் மேஜையில் தட்டிக் காட்டுகிறாள்:
டிக்.
கொஞ்சம் பொறுத்து, டிடிக்.
அறுபதில் வரும், எழுபதில் போகும்,
தார் ரோட்டில் கிடையாது, சரளையில் மட்டும்.

முதல் முறை, சைலன்சர்மேல் இருக்கும் வெப்பத்தகடு என்றேன்.
எந்தப் பழைய வண்டிக்கும் முதல் சந்தேகம் அதன்மேல்தான்,
ஊரில் எது காணாமல் போனாலும்
ஒரே ஆளைப் பிடித்து உதைப்பதுபோல.
கிளாம்ப் போட்டு முறுக்கினேன். இருபது டாலர்.

இரண்டாம் முறை
பின்கதவுக் கொண்டி, ஷாக் அப்சார்பர் புஷ்,
ஸ்டெப்னியைத் தாங்கும் கம்பிவடம், சிகரெட் சாம்பல் கிண்ணம்.
தொட்டதெல்லாம் ஆடியது. ஆடியதையெல்லாம் இறுக்கினேன்.
அப்புறம் அவளை ஓட்டச் சொல்லிவிட்டுப்
பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.
கனோராவுக்கு வடக்கே நேர்கோட்டுச் சாலை,
இருபுறமும் கனோலா மஞ்சள் கண்ணைக் குத்த
அறுபது. எழுபது. மறுபடி அறுபது.
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.
சரளைதான் இரைந்தது. வேறொன்றும் இல்லை.
"பார்த்தாயா" என்று நான் சொல்லவில்லை,
முகம் சொல்லியிருக்க வேண்டும்.
திரும்பும் வழி முழுக்க அவள் வாய் திறக்கவில்லை.

வேறு யாராவது என்றால்
மனப்பிரமை என்று அனுப்பியிருப்பேன்.
இவள் நூற்றிருபது பெட்டி தேனீ வைத்திருப்பவள்.
மூடியைத் திறக்காமல், பலகையில் காதை வைத்து,
ராணி உள்ளே இருக்கிறதா போய்விட்டதா
என்று சொல்லிவிடுவாள்.
அந்தக் காதைப் பொய் என்று சொல்ல
எனக்கு எத்தனை காது வேண்டும்?

"என் தங்கையை ஏற்றிப் பார்த்தேன்.
பெட்டி விற்கிற லோவலையும் ஏற்றினேன்.
அவர்களுக்குக் கேட்கவில்லை.
தனியாகப் போனால்தான்…"
சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை,
சுவரில் தொங்கிய ஃபேன்பெல்ட்களை
எண்ணிக்கொண்டிருந்தாள்.

காபி போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு
நான் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டாவது மைல் தாண்டவில்லை.
டிக்.
டிடிக்.
வெறும் வண்டிக்குள் உரக்கச் சிரித்தேன்.
என் வலது காதுக்குப் பின்னால்தான்.
கையை நீட்டிப் பக்கத்து இருக்கையின் முதுகை அமுக்கினேன்,
நின்றது.
விட்டேன், வந்தது.
அமுக்கினேன், நின்றது.

என் எடை நூற்றெட்டுக் கிலோ.
தேடிக்கொண்டிருந்த சத்தத்தின் மேலேயே
சாய்ந்து உட்கார்ந்துகொண்டு
எங்கே எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

இருக்கையைச் சாய்த்தால் பின்னால் ஜாக்கி.
அதன் கம்பியைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து,
கம்பிநுனி பட்டுப் பட்டுத் தகரத்தில் பெயின்ட் போய்,
ஐம்பது காசு அகலத்துக்கு வெள்ளிப் பளபளப்பு.
பக்கத்தில் காய்ந்துபோன தேனீ ஒன்று.
அதை எடுக்கவில்லை.
பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி
கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
அவ்வளவுதான்.

பட்டறையில் வந்து சொன்னதும்
அவள் சந்தோஷப்படவில்லை முதலில்.
"அப்படியானால் இருந்திருக்கிறது" என்றாள்,
காபிக் கோப்பையிடம்.
வெப்பத்தகட்டுக்கு வாங்கிய இருபது டாலரை நீட்டினேன்.
வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.
வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஷட்டரை இறக்கும் நேரத்தில்
புழுதியோடு வந்து நின்றது அதே பிக்கப்.
கண்ணாடியை இறக்கினாள்.
அது போய்விட்டது, சுத்தமாக.
ஆனால் அது அடங்கியதும் இன்னொன்று கேட்கிறதாம்,
முன்சக்கரத்தில், இடதுபக்கம், மெலிசாக, அரைக்கிறாற்போல.

தனியாகப் போனால் மட்டுமா?

"இல்லை, யார் ஏறினாலும் கேட்கும்" என்றாள்,
ஏதோ பரிசு வாங்கியவள்போல.
எட்டி அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.
"ஏறு."