இருநூற்றுப் பதினோராவது இடம்

திங்கட்கிழமை எட்டு மணிக்குள்
இந்தத் தீவு போன வாரம் எதைத் தேடியது என்று
நான் சொல்லியாக வேண்டும்.
எபென், ஒன்பதாவது மாடி.
இணையக் கலைக்களஞ்சியத்தின் பக்கங்கள்
எத்தனை முறை திறக்கப்பட்டன என்ற பட்டியல்
என் திரையில் வந்து நிற்கும்.
பெயர் இல்லை, முகவரி இல்லை, எண் மட்டும்.
முதல் இருபதை நறுக்கி நாளிதழுக்கு அனுப்புவேன்.
மீதியை யாரும் கேட்டதில்லை.

நடிகர் ஒருவர் செத்தால் அன்றைக்கு அவர்தான் முதலிடம்.
பிறந்த ஆண்டைப் பார்ப்பார்கள்,
தங்கள் வயதை அதோடு வைத்துக் கழிப்பார்கள்,
இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று மூச்சு விடுவார்கள்.
இதற்குத் தரவு கிடையாது.
நான் அப்படித்தான் செய்தேன்.

குண்டு விழுந்த பிறகுதான்
அந்த நாடு எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம்.
அதுவும் மூன்று நாள்.
நான்காம் நாள் அந்த இடத்தில்
பந்தாட்டக்காரன் ஒருவனின் இரண்டாம் மனைவி.

மூன்றாம் எண் எச்சரிக்கை வந்த இரவில்
வருகிற புயலைத் தேடியவர்கள் குறைவு.
ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டு வந்து
கரோல், ஜெர்வேஸ், ஹொலாண்டா என்று
போன புயல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்,
கூரை பறந்த கதையைக் கூரைக்கடியில் படித்தபடி.

தைப்பூசத்துக்கு முந்தின மாலை
காவடி பதினாறாம் இடத்துக்கு ஏறும்.
நாளைக்கு எதற்கு விடுமுறை என்று ஊரே கேட்கிறது,
நல்லதுதானே என்றேன்.
பாதிப் பேர் நம் வீட்டுப் பிள்ளைகள் என்றான் கவினியன்,
காத்தோ பிமாவை மென்றுகொண்டே.
(நம் பருப்பு வடைதான். அதையும் யாரோ தேடியிருந்தார்கள்.)

ஒரு வாரம் நறுக்க மறந்து கீழே போய்விட்டேன்.
இருநூற்றுப் பதினொன்று: கிரியேட்டினின்.
அடுத்த வாரமும் அங்கேயே.
பழைய பட்டியல்களைத் திறந்தேன்.
உலகக் கோப்பை வந்து போனது, மூன்று போர்கள்,
எத்தனையோ கல்யாணங்கள், விவாகரத்துகள்.
அது மட்டும் இருநூற்று ஒன்பது, இருநூற்றுப் பதினான்கு,
மறுபடியும் பதினொன்று.
வியாழன் மாலைகளில் கொஞ்சம் உயரும்.
ரத்தப் பரிசோதனை முடிவு
கையில் கிடைக்கிற நாளாக இருக்கலாம்.
இத்தனை வருடமும் அலைகளை எண்ணியிருக்கிறேன்.
அன்றுதான் பவளத்திட்டில் கால் இடித்தது.

சுற்றிலும் அதன் உறவுக்காரர்கள்:
பொட்டாசியம், டயாலிசிஸ், கால் வீக்கம்.
நடுவே, சம்பந்தமே இல்லாமல், நட்சத்திரப்பழம்.

ஜோஸ்லினிடம் காட்டினேன். இது செய்தி என்றேன்.
போன வருடமும் இருந்ததா என்று கேட்டாள்.
இருந்தது.
அதற்கு முந்தின வருடம்?
இருந்தது.
அப்படியென்றால் செய்தி இல்லை, என்றாள்.
கெட்டவள் அல்ல. அவளுக்கு இருபது வரிதான் இடம்.

ரோஸ் ஹில் வரை மெட்ரோவில் நின்றுகொண்டே
அந்தப் பழத்தின் பக்கத்தைத் திறந்தேன்.
எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு மரம் நிற்கிறது,
விழுகிற பழத்தைப் பொறுக்கவே ஆள் வேண்டும்.
நான்காவது பத்தியில் இருந்தது:
சிறுநீரகம் கெட்டவர்கள் தொடக்கூடாது.

பக்கத்து வீட்டு மதாம் ஆர்மூகத்துக்கு
வருடாவருடம் ஒரு பை நிறையக் கொடுப்பேன்.
பையைக் கழுவி மடித்துத் திருப்பிக் கொடுப்பார்.
இந்த வருடம் நான் கேட்டில் மாட்டிய பை
அப்படியே தொங்கியது,
நான்கு நாள், ஈ மொய்த்து.
வேலித் தகராறை இன்னும் மறக்கவில்லை என்று நினைத்தேன்.
நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறங்கி நடந்தேன்.
மலைக்கு மேல் மேகம் உட்கார்ந்திருந்தது.
பை இன்னும் கேட்டில்தான்.
கழற்றும்போது கம்பி சத்தம் போட்டது,
உள்ளே விளக்கு எரிந்தது,
கதவை ஒரு சாண் திறந்து மதாம் ஆர்மூகம்.
வீட்டுக்குள் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
பெயரோடும் முகவரியோடும்
ஓர் எண் முன்னால் நிற்கும்போது
என்ன கேட்பது?

மழை வரும்போல இருக்கிறது, என்றேன்.
ஆமாம், என்றார்.
பையைப் பார்த்தார்.
கதவைச் சாத்தவில்லை.